மங்கை இப்போது இங்கே

ஓடட்டும். என்டரைத் தட்டியாகிவிட்டது, இனி எனக்கு இதில் வேலை இல்லை. காபி போட்டுக் குடிக்கலாம், துணி உலர்த்தலாம், வாஷிங் மெஷின் எப்போதோ கத்தி ஓய்ந்துவிட்டது. ஆனால் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, அடுத்த வரி வருகிறது. அந்த நிதானம் நான் சொல்லிக் கொடுத்தது. ஒரு பக்கத்தை எடுத்ததும் சற்றுப் பொறு, பிறகு அடுத்ததை எடு என்று கட்டளையிலேயே எழுதியிருக்கிறேன், இல்லையென்றால் அந்தப் பழைய சர்வருக்கு மூச்சு முட்டிவிடும். மூச்சு முட்டும் என்று ஏன் நினைத்தேன். வேறு சொல் கிடைக்கவில்லையா எனக்கு. திணறிவிடும், அதுவும் வேண்டாம். சர்வர் படுத்துவிட்டது என்றுதான் ஆபீசில் சொல்வோம், படுத்துவிட்டது என்பதும் இன்று நன்றாக இல்லை. விடு. டபிள்யூகெட் என்று பெயர் இந்தக் கருவிக்கு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, எழுதித்தான் ஏவ வேண்டும். ஒரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் முதல் பக்கத்தை எடுக்கும், அதில் உள்ள லிங்க் அத்தனையையும் வரிசையாகப் போய்த் தொடும், கிடைப்பதையெல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து வைக்கும். பிறகு நெட் இல்லாமலேயே மொத்தத் தளத்தையும் பார்த்துக்கொள்ளலாம், தளமே இல்லாமல் போனாலும் பார்த்துக்கொள்ளலாம். எதையாவது மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், என் கை பரபரக்கும். ஸ்கூட்டர் ரிப்பேர் பற்றி முன்பின் தெரியாதவர்கள் சண்டை போட்ட ஒரு பழைய அரட்டைத் தளம், மீட்டர் கேஜ் ரயில் படங்கள், ஒரு பல் டாக்டர் எழுதிய சினிமா விமர்சனங்கள், எல்லாம் அலமாரியில் ஹார்ட் டிஸ்க்குகளாக இருக்கின்றன, ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை. "ஊர்ல இருக்கற கிணத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சுட்டீங்க. ஒரு டம்ளர் மொண்டு குடிச்சா என்ன?" என்று மங்கை கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே அடுத்ததை இறக்கப் போவேன்.

மங்கை என் மனைவி. முழுப் பெயர் மங்கையர்க்கரசி. போன வருஷம் கோடையில் நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கடைசி நாட்களில் முகத்தில் மாஸ்க் மாட்டிவிட்டார்கள், பேச முடியாது, கையைத்தான் அசைப்பாள். அதனால் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது ஆட்டோவில்தான் இருக்க வேண்டும். கேஸை மூடினீங்களா என்றாளா, சாவி எடுத்தீங்களா என்றாளா. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். வார்த்தை வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. இருபது வருஷம் காதில் விழுந்த குரல் ஒரே வருஷத்தில் போய்விடுமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் போகாது என்று சத்தியம் பண்ணியிருப்பேன். போய்விட்டது. நினைவில் அவள் வாயைத் திறக்கும்போது என் குரலில் பேசுகிறாள். கேஸை மூடினீங்களா என்று நானே என்னைக் கேட்கிறேன், அவள் உதடு அசைகிறது. இது முதலில் நடந்தபோது பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன், சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மிச்சம் இருக்கிறது. அவள் தானே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, தானே எழுதி உண்டாக்கிய தளம் அது, காதோரம் என்று பெயர் வைத்தாள். சத்தங்களைச் சேர்த்தாள். இந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவு சாத்துவது, மழை வரும்போது கார் ஷெட் தகரம், குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் செதில் சுரண்டுவது, இறங்குவதற்காக எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து போகும் விமானம், குக்கர் மூன்றாவது விசிலுக்கு முன்னால் விடும் பெருமூச்சு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவள் பேசுவாளாம், இது இன்னது என்று ஒரு வாக்கியம், பிறகு சத்தம். உறுப்பினர்கள் இரண்டே பேர், அவளும் மஸ்கட்டில் இருக்கும் அவள் தங்கை திலகவதியும். போனில் இடம் இல்லை என்று தளத்தில் ஏற்றிய கையோடு போனிலிருந்து அழித்துவிடுவாள். அந்தத் தளம் இருக்கிற பழைய சர்வரை நாளையோடு நிறுத்துகிறோம், எங்களிடம் நகல் எதுவும் இருக்காது என்று அதில் இடம் வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள் மெயில் அனுப்பிவிட்டார்கள்.

பேசுவாளாம் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அவள் இருந்தபோது நேரம் இல்லை, அல்லது நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு நேரம்தான் இருக்கிறது, தைரியம் இல்லை. அழுதுவிடுவேன் என்று பயமில்லை, அழுவது ஒரு பெரிய விஷயமா. போட்டுக் கேட்டு, இது மங்கை மாதிரி இல்லையே என்று எனக்குத் தோன்றிவிட்டால் என்ன செய்வது, அதுதான் பயம். அதனால் இறக்கி வைத்துக்கொள்கிறேன். கையில் இருக்கட்டும், என்றைக்காவது ஒரு நாள். காலையில் முதலில் லாகின் இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்த்தேன். வெளி ஆளுக்கு அந்தத் தளத்தில் ஒன்றும் தெரியாது, பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு காலண்டர், அவ்வளவுதான். காலண்டரில் அடுத்த மாதம் என்று ஒரு லிங்க். கருவி அடுத்த மாதத்துக்குப் போனது, அங்கேயும் அடுத்த மாதம் என்று இருந்தது, போனது. நான் பல் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது எங்கேயோ போய்விட்டிருந்தது. நிறுத்திவிட்டு, கொண்டுவந்ததைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். சுத்தமான கட்டங்கள், தேதிகள், கீழே மங்கை எழுதி வைத்த ஒரு வரி, இந்த மாதம் ஒலி எதுவும் இல்லை. நான் ரிட்டயர் ஆகும் மாதத்தில் ஒலி இல்லை. எனக்கு எண்பது வயதாகும் மாதத்தில் ஒலி இல்லை. நான் உயிரோடு இருக்க வாய்ப்பே இல்லாத ஒரு மாதம், அதிலும் திங்கள் செவ்வாய் ஒழுங்காக வரிசையில் நின்றன, ஒலி எதுவும் இல்லை. அவ்வளவு தூரம் அவள் வாக்கியம் தனியாகப் போயிருக்கிறது, யாரும் படிக்காமல், ஒரு எழுத்து மாறாமல். அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் தள்ளுவண்டியில் நுங்கு சீவிக்கொண்டிருந்தான்.

உள்ளே போக வேண்டுமானால் அவளாகத்தான் போக வேண்டும். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது, ஆனால் அவள் லேப்டாப்புக்குத் தெரியும். பீரோ மேலிருந்து எடுத்துத் தூசி தட்டி சார்ஜில் போட்டேன். பிரவுசரைத் திறந்ததுமே தளம் வந்துவிட்டது. வணக்கம் மங்கை, என்றது. எவ்வளவு நாள் ஆயிற்று என்றோ எங்கே போயிருந்தாய் என்றோ கேட்கவில்லை. ஓரத்தில், இப்போது இங்கே, என்று ஒரு தலைப்பு, அதன் கீழே மங்கை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. என் கை மவுசிலிருந்து எழும்பிவிட்டது. பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒன்றையும் நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை, அந்தப் புள்ளியைத்தான் பார்த்தேன். வேண்டியது குக்கி, அது ஓர் அனுமதிச் சீட்டு மாதிரி, காட்டினால் சர்வர் உள்ளே விட்டுவிடும், காட்டுவது யார் என்று முகத்தைப் பார்க்காது. அதை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அவள் லேப்டாப்பை மூடினேன். என் லேப்டாப்புக்கு வந்து கருவியிடம் சீட்டைக் கொடுத்து, காலண்டர் பக்கம் தலை வைத்துப் படுக்காதே, மற்றதையெல்லாம் கொண்டு வா என்று எழுதி என்டரைத் தட்டினேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வரி, நிதானம், வரி, நிதானம். வரிகளை நான் படிக்கவில்லை, எல்லாவற்றின் முடிவிலும் சரி, கிடைத்தது, என்று வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். வருகிறது. நிதானத்துக்கு நிதானம் என் மூச்சும் அதனோடு சேர்ந்துகொண்டுவிட்டது, விட்டு விட்டு வருகிறது, ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் இப்படித்தான், இல்லை, அதை நினைக்கப் போவதில்லை. ஒரு விமானம் போகிறது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்கிறது. இந்தச் சத்தமும் உள்ளே இருக்கிறது, அவள் அறிமுகம் செய்து வைத்து. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் என் வீட்டில், என் டிஸ்கில், யாரும் எடுத்துவிட முடியாது. நிம்மதியாக இருக்கிறது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. திலகா. ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டில் அவளுக்கு வேலை நாள், இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். "அத்தான், எங்க இருக்கீங்க?" என்றாள். "வீட்லதாம்மா." "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" "யாரு இருக்கா? நான் மட்டும்தான். என்ன ஆச்சு?" அவள் பின்னால் ஆபீஸ் பிரிண்டர் ஓடுவது கேட்டது. "நான் சொல்றதக் கேட்டு பயப்படாதீங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னும் நெனைக்காதீங்க. அக்கா உள்ள இருக்கா." "எதுக்குள்ள?" "காதோரத்துல. பச்சைப் புள்ளி எரியுது அத்தான். இப்போது இங்கே மங்கைன்னு போட்டிருக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது, அட அதுவா, அது நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மெயில் மேல மெயில் வருது. அவ புதுசா ஏதாவது போட்டாலோ அழிச்சாலோ எனக்குத் தகவல் வர்ற மாதிரி வெச்சிருந்தா. மங்கை இந்த ஒலியை நீக்கிவிட்டார். மங்கை இந்த ஒலியை நீக்கிவிட்டார். ஒவ்வொண்ணா வருது. கொஞ்சம் விட்டு விட்டு. மீன் மார்க்கெட் போயிருச்சு, லிஃப்ட் போயிருச்சு, இந்தா இப்ப குக்கர். அக்கா எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டே வர்றா அத்தான். எம்மேல கோவமா? என்ன பண்ணேன் நான்?"

விட்டு விட்டு. அந்த ஒரு சொல்தான் என் காதில் நின்றது. ஒரு நொடி, முழுதாக ஒரு நொடி, நான் நம்பினேன். மங்கை வந்துவிட்டாள், பீரோ மேல் கிடந்த லேப்டாப்பை எடுத்தது தப்பு, எழுப்பிவிட்டேன், வந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறாள், ஒரு தடவைகூடக் கேட்காத ஆளுக்கு எதற்கு என்று. நியாயம்தானே. பயமும் இருந்தது, அதற்கடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமும் இருந்தது. கோபமாகவாவது வந்தாளே. பிறகு கண் திரைக்குப் போனது. ஒரு வரி, நிதானம், ஒரு வரி. முதல் தடவையாக வரிகளைப் படித்தேன். ஒரு பக்கத்தின் எண், அதற்கடுத்த வரியில் அதே எண், முகவரியின் நடுவில் டிலீட் என்று. சரி, கிடைத்தது. அடுத்த பக்கம். சரி. டிலீட். சரி, கிடைத்தது. அவள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள்தானே, தொழிலாகச் செய்கிறவர்கள் அழிப்பதற்கு ஒரு பொத்தான் வைப்பார்கள், நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி கேட்க வைப்பார்கள், இவள் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் வெறும் லிங்க் ஒன்றை வைத்திருக்கிறாள், போய்த் தொட்டாலே அழிந்துவிடும். வெளி ஆளுக்குத் தெரியாத லிங்க், மங்கை உள்ளே வந்தால் மட்டும் தெரிகிற லிங்க். நான் கருவியை மங்கையாக்கி உள்ளே அனுப்பினேன், இருக்கிற லிங்க் எல்லாவற்றையும் தொடு என்று சொன்னேன், அது தொட்டுக்கொண்டு வருகிறது. கோபமும் இல்லை, அவளும் இல்லை. அவள் சீட்டை வைத்துக்கொண்டு நான்தான் அவள் குரலை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன், உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

கன்ட்ரோலும் சி-யும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். விரல் இரண்டும் அங்கே போய்விட்டன, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தவில்லை. போனில் திலகா, "இன்னும் இருக்கா அத்தான், புள்ளி எரியுது" என்றாள், என் விரல் அதைக் கேட்டது. ஓடும் வரைதான் மங்கை இருப்பாள். நிறுத்தினால் போய்விடுவாள். எனக்குத் தெரியும், அது ஒரு புரோகிராம் போடும் புள்ளி, என் அறையிலிருந்து போகும் ஓர் அனுமதிச் சீட்டு, நான் இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன், எனக்குத் தெரியாதா. தெரிந்தும் விரல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் அந்த மெஷினை நிறுத்தலாமா என்று கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள், அன்றைக்கும் இந்தக் கைதான் பேனாவோடு அப்படியே நின்றது. ஒரு வரி வந்தது. சரி, கிடைத்தது. "அய்யோ, மழை போயிருச்சு, தகரத்து மழை" என்று திலகா கத்தினாள். "நான் தெனமும் ஒண்ணு கேட்டுட்டுத்தான் படுப்பேன் அத்தான், அங்கயே போட்டுக் கேப்பேன், அவகிட்ட சொல்லுங்க, அதயாவது விடச் சொல்லுங்க." அவகிட்ட சொல்லுங்க என்றாள். யாரிடம் சொல்வது. அழுத்தினேன்.

கறுப்புத் திரை அப்படியே நின்றது. நான் திலகாவிடம் சொல்லிவிட்டேன், அக்கா இல்லம்மா, நான்தான், அவ பேர்ல ஒரு புரோகிராம் ஓட்டினேன், அது அழிச்சிருச்சு. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புள்ளி அணைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்த ஃபோல்டரைத் திறந்தேன். பக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. லிஃப்ட் கதவு, மீன் மார்க்கெட், தேதி, அவள் எழுதிய இரண்டு வரி, நடுவில் ஒலிக்கான ஒரு சின்ன முக்கோணம். அமுக்கினால் ஒன்றும் இல்லை. இந்தக் கருவி முதலில் பட்டியலில் உள்ள பக்கங்களின் வாசல் அத்தனையையும் தட்டும், உள்ளே இருக்கும் ஒலியை எடுக்க அதற்குப் பிறகுதான் வரும், வருவதற்குள் ஒலி போய்விட்டது. வாசல்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. "எல்லாம் போகல" என்றாள் திலகா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கீழ கொஞ்சம் நிக்குது. ஏழோ எட்டோ. ஒண்ணு போடுங்க அத்தான், எனக்குத் தொடவே பயமா இருக்கு." அவள் லேப்டாப்பைத் திறந்தேன். வணக்கம் மங்கை. "திரும்ப வந்துட்டா" என்றாள் திலகா, நான்தான் என்று தெரிந்தே சொன்னாள். முதலில் இதை மட்டுமாவது இறக்கிவிடுவோம், பிறகு கேட்போம் என்று கை பென் டிரைவுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். "எது போடட்டும்?" "ஆகக் கடைசியில இருக்கறது. அதுதான் அவ முதமுதல்ல எடுத்தது. அத மட்டும் நான் கேட்டதில்ல, தலைப்புகூட வெக்கலயேன்னு விட்டுட்டேன்."

போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முக்கோணத்தை அமுக்கினேன். கரகரவென்று ஏதோ உரசியது, ஃபேன் சுற்றுகிற சத்தம், எங்கள் ஃபேன்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டொக். பிறகு அவள். நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் வருகிற குரல், அவள் மூக்கால் பேசுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மங்கைதான். சந்தேகமே இல்லை, இவ்வளவு நாள் எதற்குப் பயந்தேன், மங்கைதான். ரகசியம் பேசுகிற மாதிரி அடக்கிச் சொன்னாள், "இது எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல தட்டுற சத்தம்." தட்டுகிற சத்தம் வந்தது. வேகமாக, நடுவில் நிற்காமல், இடைவெளி விசையை மட்டும் ஓங்கி அடித்து. அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். அவள் எனக்குப் பின்னால், இந்த அறை வாசலில் நின்றிருக்க வேண்டும், நான் இதே நாற்காலியில். "இப்பக் கூப்பிடறேன், கேளுங்க" என்றாள் யாரிடமோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஏங்க." தட்டல் தொடர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏங்க." தட்டல். சிரிப்பு இல்லாமல், சும்மா கூப்பிடுகிற குரலில், மூன்றாவது தடவை, "ஏங்க."

நான் திரும்பினேன். வாசலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"சொல்லு மங்கை" என்றேன்.

ஸ்பீக்கரில் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை.